கலைச்சொல் விவாதம்: ஃபிட்னஸ் டிராக்கருக்கு ‘அசைவுகாட்டி’

வணக்கம் நண்பர்களே,

காலடியையும் நாடித்துடிப்பையும் எண்ணிக் காட்டும், உடலில் அணியும் கருவியான ஃபிட்னஸ் டிராக்கருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இழை நீண்டு, இப்போது மூன்று சொற்கள் நிற்கின்றன: உடற்தகுதிக் கண்காணிப்பி, நலப்பட்டை, உடலியக்கமானி. மூன்றிலும் எனக்குக் குறை தெரிகிறது. நான் முன்வைப்பது அசைவுகாட்டி. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கருவியைப் பலரும் எடை குறைக்கத்தான் வாங்குகிறார்கள், பெயர் பிசகினால் அவர்களுடைய எதிர்பார்ப்பும் பிசகிவிடும்.

> உடற்தகுதிக் கண்காணிப்பி என்றால் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

நேராக இருப்பது போலத் தெரிந்தாலும், உடற்தகுதி என்ற சொல் தமிழில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. பணிக்கு ஆள் எடுக்கும்போது உடற்தகுதித் தேர்வு என்கிறோம், காயம்பட்ட ஆட்டக்காரர் உடற்தகுதியை நிரூபித்தால்தான் அணியில் இடம் என்று செய்தியில் படிக்கிறோம். தேறினாரா இல்லையா என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று இப்போதுதான் நடக்கத் தொடங்கும் ஒருவருக்கு அந்தத் தீர்ப்பை ஏன் மாட்டிவிட வேண்டும்? (புணர்ச்சிப்படி உடற்றகுதி என்று வரவேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் அப்படி எழுதினால் படிப்பவர் தடுக்கி நிற்பார்.) அப்புறம் கண்காணிப்பி. கண்காணிப்பு கேமரா, கண்காணிப்பு அதிகாரி, கண்காணிப்பு வளையம் எல்லாவற்றிலும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இங்கே பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஒரே ஆள். கருவி விவரத்தை எடுத்துக் கொடுக்கிறது, அதைப் பார்த்து முடிவெடுப்பது அதை அணிந்திருப்பவர்.

நலப்பட்டை பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கருவி கடிகாரமாகவும் வருகிறது, மோதிரமாகவும் வருகிறது. 2009இல் வந்த முதல் ஃபிட்பிட் ஆடையில் செருகிக்கொள்ளும் கிளிப். பட்டை என்பது இன்றைய ஒரு வடிவம் மட்டுமே.

மூன்றாவதான உடலியக்கமானியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ‘மானி’ நல்ல விகுதி, வெப்பமானி, அழுத்தமானி என்று பழகிய வரிசை. ஆனால் மானி என்று முடிந்தாலே அது அளந்து சொல்கிறது, நம்பலாம் என்ற உறுதி கூடவே வந்துவிடுகிறது. இந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்று பாருங்கள். உள்ளே ஒரு முடுக்கமானி இருக்கிறது, மூன்று அச்சுகளில் ஏற்படும் அசைவை உணர்கிறது, அந்த அசைவின் தாளத்தைப் பார்த்து இது ஒரு காலடி என்று நிரல் முடிவு செய்கிறது. தள்ளுவண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் கை வீசாது, அதனால் மணிக்கட்டில் இருக்கும் கருவி சில காலடிகளைக் கணக்கில் விட்டுவிடும். அடிப்பக்கம் ஒளிரும் பச்சை விளக்கு நாடித்துடிப்புக்கானது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் இரத்தத்தின் அளவு ஏறி இறங்கும்போது திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும், அதை எண்ணுகிறது. எடை குறைக்க நினைப்பவருக்கு வேண்டியவற்றில் கருவி நேரடியாக உணர்வது இந்த இரண்டைத்தான். திரையில் பெரிய எழுத்தில் வரும் கலோரி இந்த இரண்டோடு நாம் உள்ளிட்ட வயது, உயரம், எடை, பால் ஆகியவற்றைச் சேர்த்துச் சூத்திரம் போட்டு எடுத்த கணிப்பு.

அந்தக் கணிப்பு எவ்வளவு தள்ளிப்போகும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை, மோசமானதற்கு 93 சதவீதம். அதாவது 400 கலோரி செலவானதாகத் திரை சொன்னால், நல்ல கருவியிலேயே உண்மைச் செலவு 315 அளவில் இருக்க வாய்ப்பு உண்டு. அதை நம்பி 400 கலோரிக்குச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு நடந்தும் எடை இறங்கவில்லையே என்று மனம் ஒடிந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் உழைத்தார்கள், கருவி சொன்னதை அப்படியே நம்பினார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட கருவிக்கு மானி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் ‘காட்டி’. திசைகாட்டி திசையைக் காட்டும், எவ்வளவு தூரம், எப்போது போய்ச் சேருவோம் என்றெல்லாம் சொல்வதில்லை, யாரும் அதனிடம் எதிர்பார்ப்பதும் இல்லை. காட்டி என்ற விகுதியில் அந்த அடக்கம் இருக்கிறது. நேற்றைவிட இன்று அதிகம் அசைந்தோமா, போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியதா குறைந்ததா என்பதை இந்தக் கருவி நன்றாகவே காட்டும். ஒரே கருவியை ஒரே கையில் தொடர்ந்து அணிந்தால் அதன் பிழையும் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே சாயும், ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது உதவும்.

> பெயரில் என்ன இருக்கிறது, எப்படி அழைத்தாலும் கருவி ஒன்றுதானே?

இந்தத் துறையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. தினமும் 10,000 காலடி என்ற இலக்கு எங்கிருந்து வந்தது? டோக்கியோ ஒலிம்பிக் 1964இல் நடந்தது, அடுத்த ஆண்டு யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போகெய். ஜப்பானிய மொழியில் மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் மானி. அது மருத்துவ ஆய்வில் கண்டுபிடித்த எண் இல்லை, பொருளுக்கு வைத்த பெயர். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பல கருவிகள் அதையே இலக்காக வைத்து வருகின்றன. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 உள்ள சுமார் 17,000 பெண்களிடம் செய்த ஆய்வு 2019இல் வந்தது. நாளுக்கு ஏறக்குறைய 4,400 காலடி நடந்தவர்களிடமே, 2,700 நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது, 7,500ஐ ஒட்டி அந்தப் பலன் சமன்பட்டது. அது ஆயுளைப் பற்றிய ஆய்வு, எடையைப் பற்றியது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 6,000 நடந்துவிட்டு இன்று தோற்றுவிட்டோம் என்று படுக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெயர் இவ்வளவு காலம் ஆட்டிப் படைக்கிறது என்றால், நாம் வைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும்தானே?

> இதயத்துடிப்பு, தூக்கம் எல்லாம் பார்க்கிறதே, அசைவு என்று சுருக்கலாமா?

சுருக்கலாம். கைபேசியில் படம் எடுக்கிறோம், பணம் அனுப்புகிறோம், பெயர் கைபேசிதான். தூக்கத்தைக்கூட அசைவு அடங்கியிருப்பதையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான் கருவி ஊகிக்கிறது. அசைவுக்குப் பதில் ‘இயக்கம்’ என்று நான் வைக்காததற்குக் காரணம், கட்சியும் இயக்கம்தான், படம் எடுப்பதும் இயக்கம்தான், தேடுபொறியில் போட்டால் என்னென்னவோ வந்து நிற்கும். ‘நடை’ என்றால் மிதிவண்டியும் நீச்சலும் வெளியே போய்விடும்.

இலக்கணப்படி வழிகாட்டி, திசைகாட்டி போல இதிலும் ஒற்று மிகாது. சேர்த்துத்தான் எழுத வேண்டும், பிரித்து ‘அசைவு காட்டி’ என்று எழுதினால் காட்டி என்பது வினையெச்சமாகிப் பொருள் மாறிவிடும். அசைவுகாட்டியை, அசைவுகாட்டிகள், அசைவுகாட்டிச் செயலி என்று உருபும் பிற சொற்களும் சிக்கலில்லாமல் ஒட்டுகின்றன.

கூடவே வரும் சொற்களையும் இப்போதே பேசிவிடலாம். ஸ்டெப்ஸுக்குக் காலடி. வெறும் அடி என்றால் நீள அளவையும் உதையும் குறுக்கே வரும், எட்டு என்றால் எண்ணோடு மோதும். ‘எரித்த கலோரி’ என்று எல்லாச் செயலிகளிலும் மொழிபெயர்த்து வைத்திருப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த ஒரு தொடருக்குள் இரண்டு வேறு எண்கள் ஒளிந்திருக்கின்றன. 70 கிலோ எடையுள்ளவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு ஏறக்குறைய 70 கலோரி செலவாகும். அவரே மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் மொத்தம் 245 அளவில் வரும், ஆனால் நடந்ததால் கூடுதலாகச் செலவானது 175 மட்டுமே. சில செயலிகள் மொத்தத்தைக் காட்டுகின்றன, சில கூடுதலை மட்டும் காட்டுகின்றன, இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர். ஆகவே மொத்தக் கலோரிச் செலவு, அசைவுக் கலோரிச் செலவு என்று பிரித்து வைப்போம். முடிந்தால் முன்னால் ‘உத்தேச’ என்றும் சேர்க்கலாம், உத்தேசக் கலோரிச் செலவு. நீளம் கூடினாலும் பரவாயில்லை.

இலக்கை விடாமல் எட்டிய நாள்களின் எண்ணிக்கையைச் செயலிகள் ஸ்ட்ரீக் என்கின்றன, அதற்குத் தொடர்நாள் என்று யோசித்தேன், எனக்கே முழு நிறைவில்லை.

கருவியே எடையைக் குறைத்துவிடும் என்ற பொருள் வரும் எந்தச் சொல்லையும் நாம் எடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எடைகுறைப்பி என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். 2016இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். 471 பேர், இரண்டு ஆண்டுகள், எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, ஆலோசனை. ஆறு மாதத்துக்குப் பிறகு பாதிப் பேருக்கு அணியும் கருவியைக் கொடுத்தார்கள். முடிவில் கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோவும், அணியாதவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். அதற்காகக் கருவி வீண் என்றும் சொல்ல முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் 2022இல் வந்த மீளாய்வு, இத்தகைய கருவிகளால் நாளுக்குச் சுமார் 1,800 காலடி கூடுகிறது, எடையில் ஏறக்குறைய ஒரு கிலோ குறைகிறது என்றது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது, நடையால் மட்டும் அதைக் கரைக்க நாளாகும், தட்டில் என்ன விழுகிறது என்பதை எந்த அசைவுகாட்டியும் பார்ப்பதில்லை. உட்கார்ந்தே கிடந்தவரை எழுப்பி நடக்க வைக்கிறது, அதை உண்மையாகவே நன்றாகச் செய்கிறது. அதற்குரிய மதிப்பைப் பெயரில் கொடுப்போம்.

மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள், ‘அசைவுகாட்டியைக் கழற்றி சார்ஜில் போடு’ என்பது போல, வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லக்கூடிய வாக்கியமாக இருக்கட்டும். தொடர்நாளுக்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்