புதுப்பிப்பு: மெய்நிகர் கணினிகள் இப்போது பேசிக்கொள்கின்றன

விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஆன வேறு கணினிகளை இயக்கும் நிரல்) இரண்டு மெய்நிகர் கணினிகளிலும் இணையம் வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்று கேட்டிருந்தேன். தீர்ந்தது. இரண்டிலுமே ஐபி முகவரி 10.0.2.15 என்றுதான் காட்டியது. சாதாரண நாட் முறையில் (நிஜக் கணினியின் இணைப்பு வழியாக இணையத்துக்குப் போவது) ஒவ்வொன்றும் தனித்தனிக் கூண்டு. ‘நாட் நெட்வொர்க்’ ஒன்றை உருவாக்கி இரண்டையும் அதில் சேர்த்ததும் பிங் (ஒன்று மற்றொன்றை எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) வேலை செய்தது, இணையமும் அப்படியே இருக்கிறது.

பிரிட்ஜ் (மெய்நிகர் கணினியை நேரடியாக வெளி நெட்வொர்க்கிலேயே சேர்க்கும் முறை) போடச் சொன்னவர்களுக்கு: வைஃபையில் எல்லா அடாப்டருக்கும் (நெட்வொர்க்கோடு இணைக்கும் சாதனம்) அது ஒத்துவராது. கேபிள் என்றால் சரி.

அப்புறம், ஹோஸ்டிலிருந்து, அதாவது நிஜக் கணினியிலிருந்து, எஸ்எஸ்எச் (வேறொரு கணினிக்குள் போய்க் கட்டளை கொடுக்கும் வழி) வழியாக மெய்நிகர் கணினிக்குள் நுழைய, இரண்டாவது அடாப்டராக ‘ஹோஸ்ட் ஒன்லி’ (ஹோஸ்டுக்கும் மெய்நிகர் கணினிகளுக்கும் இடையில் மட்டுமான இணைப்பு) சேர்த்தேன். 192.168.56 வரிசையில் முகவரி கிடைத்தது. அந்த அடாப்டருக்கு மட்டும் கேட்வே (வெளியே போகும் வாசலின் முகவரி) கொடுத்துவிடாதீர்கள். வெளியே போகவேண்டியதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி இணையம் நின்றுவிடலாம்.