டிரம்ஸ் சேர்ந்தாலே ஊளையிடும் ஹாலோ பாடி: எந்தக் கிட்டார் எடுப்பது?

கேள்வி:
வணக்கம். இதுவரை சாலிட் பாடி, அதாவது உள்ளே கூடில்லாத கெட்டி மரக் கிட்டார்தான் வாசித்திருக்கிறேன். பழைய ப்ளூஸ், ஜாஸ் பதிவுகளில் கேட்கும் அந்த மரச் சத்தத்தின் மேல் ரொம்ப நாளாக ஆசை. போன வாரம் நண்பனிடம் எபிஃபோன் கசினோ என்ற ஹாலோ பாடி கிட்டார் ஒன்றை இரவல் வாங்கினேன். வீட்டில் வாசித்தபோது சொக்கிப்போய்விட்டேன். ஒத்திகையில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் ஆம்பை (ஒலிபெருக்கிப் பெட்டியை) கூட்டினேன். அவ்வளவுதான், ஏ தந்தியைத் தொட்டாலே ஊம்ம்ம் என்று ஊளை. கிட்டாரில் கோளாறா? பார்க்க இதே மாதிரி இருக்கும் கிப்சன் இஎஸ்-335ஐ வைத்து மேடையில் சத்தமாக வாசிக்கிறார்களே? சேம்பர்டு என்று இன்னொரு வகையும் சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

பதில் 1:
கோளாறெல்லாம் இல்லை. முகம் ஒன்று, வயிறு வேறு. கசினோ உள்ளே முழுக்கக் கூடு, அதுதான் ஹாலோ. 335இல் நெக்கிலிருந்து பின் நுனி வரை நடுவில் ஒரு மரக்கட்டை ஓடுகிறது. 1958இல் அது வந்ததே இந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தான். ஆம்பின் சத்தம் மேல்பலகையை அதிரவைக்கிறது, பலகை தந்தியை அசைக்கிறது, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் அதை எடுத்து மறுபடி ஆம்புக்கே அனுப்புகிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் பிக்கப்பும் கட்டைமேல் உட்கார்ந்தால் பலகை அவ்வளவு ஆடாது. ஓபன் ஏ, அதாவது எங்கும் அழுத்தாத ஏ தந்தி, 110 ஹெர்ட்ஸ். உங்கள் பெட்டி தானாக முழங்கும் சுருதி அதற்குப் பக்கத்தில் இருக்கிறது போல.

கடையில் பெயரைப் பார்க்காதீர்கள். மேல்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் எஃப் ஓட்டையில் செல்போன் டார்ச்சை அடித்து நடுப்பக்கமாக எட்டிப் பாருங்கள். வெளிச்சம் எதிர் ஓட்டையில் தெரிந்தால் ஹாலோ. மரச்சுவர் மறித்தால் செமி ஹாலோ.

பதில் 2:
சேம்பர்டு என்பது சாலிட் பாடிக்குள் குடைந்த அறைகள், அவ்வளவுதான். டெலிகாஸ்டர் தின்லைன் (1968) அந்த வகை. எடை குறையும், ஊளை குறைவு. ஆனால் நீங்கள் சொல்லும் மரச் சத்தத்தை அதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எஃப் ஓட்டை இருப்பதால் மட்டும் ஜாஸ் கிட்டார் ஆகிவிடாது!

கிரெட்ச் கம்பெனி கிட்டார் பக்கம் போனால் ஒரு எச்சரிக்கை. அதன் ஹாலோ கிட்டார்கள் பலவற்றில் பிரிட்ஜ் பலகைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும்; தந்தியின் அழுத்தம்தான் பிடித்துவைக்கிறது. நான் முதல்முறை ஆறு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றினேன். பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது. திரும்ப வைத்து 12ஆவது ஃப்ரெட்டில் சுருதி சேர்க்க ஒரு சாயங்காலம் போனது. ஒவ்வொரு தந்தியாக மாற்றுங்கள். டிரம்ஸோடு வாசிப்பதென்றால் அவர்களிடமே சென்டர் பிளாக் என்று பெயர் போட்ட வகை இருக்கிறது.

பதில் 3:
வாங்குவதற்கு முன் ஒன்று கேட்கட்டுமா? ஆம்ப் எங்கே இருந்தது? முதுகுக்குப் பின்னால், கிட்டார் உயரத்தில் என்றால் எந்த ஹாலோவும் கத்தும். பக்கவாட்டில் தள்ளுங்கள், ஆம்பின் கெயின், பேஸ் குமிழ்களைக் குறையுங்கள். எஃப் ஓட்டைகளை ஸ்பாஞ்சால் அடைத்தாலும் பலன் உண்டு, பார்க்கத்தான் சகிக்காது. என்னைக் கேட்டால், தனியாகவோ மெதுவான குழுவிலோ வாசிப்பவருக்குக் கசினோவைவிட 335 ஒரு படி கீழேதான். கட்டை போட்டதும் அந்த மூச்சு கொஞ்சம் போய்விடுகிறது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. ஆம்ப் சரியாக என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது அண்ணா! நேற்று பக்கவாட்டில் வைத்து, ஓட்டைகளில் பழைய காலுறையைச் சுருட்டிச் செருகினேன். பாதி சத்தம் வரை தாங்கியது, அதற்கு மேல் மறுபடி அதே ஏ. எங்கள் டிரம்மர் மெதுவாக அடிக்கிற ஆள் இல்லை, அதனால் செமி ஹாலோதான். டார்ச்சோடு போய் இரண்டு கிட்டாருக்குள் பார்த்தேன். ஒன்றில் கட்டை பிரிட்ஜுக்கு அடியில் மட்டும் இருந்தது, முழு நீளம் இல்லை. அது பரவாயில்லையா?

பதில் 1:
ஹாலோ, முழுக்கட்டை செமி ஹாலோ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆம்பை உங்கள் ஒத்திகை அளவுக்குக் கூட்டி, ஏ தந்தியை ஒருமுறை தட்டி ஒலிக்கவிட்டு அரை நிமிடம் நில்லுங்கள். கத்தவில்லை என்றால் எடுங்கள்.