ஸ்கைரிம்: ரெண்டு அடியில மேஜிக்கா முடியுது, மேஜ் விளையாடுறவை உதவுங்கோ

புதுக்குடியிருப்புப் பெடியன்

அண்ணைமார், அக்காமார், ஸ்கைரிம் கேமில சுத்த மேஜ், அதாவது மந்திரவாதி, ஒண்டு விளையாடுறன். வாள், வில் தொடுறேல்ல. ரெண்டு கையாலயும் பயர்போல்ட் எண்ட நெருப்பு ஸ்பெல்லை ரெண்டு தரம் அடிச்சா மேஜிக்கா, அந்த நீலக்கோடு, காலி. பிறகு கல்லறைக்குள்ள டிராகர் எண்ட நடைபிணங்களுக்கு முன்னால ஓடித் திரியிறதுதான் வேலை. கோடு நிரம்பிறதும் ஆமை வேகம்.

இனம் பிரெட்டன், லெவல் 14. மேஜிக்கா 200, ஹெல்த் 130. டெஸ்ட்ரக்ஷன் (தாக்குற மந்திர ஸ்கில்) 40. லெவல் ஏறக்க ஏறக்க மேஜிக்காவிலதான் போட்டனான், இன்னும் காணாது. இனி வாற லெவலெல்லாம் அதிலயே போடட்டோ? வீடியோ லிங்க் தராதேங்கோ, டேட்டா காட் முடியிற நிலையில இருக்கு. எழுத்தில சொன்னாக் காணும்.

மாங்குளச் சந்தி

தம்பி, அட்ரொனாக் ஸ்டோன் எண்ட வரம் தாற கல்லைப் போய்த் தொடும். மேஜிக்கா 50 கூடும், எதிரி அடிக்கிற ஸ்பெல்லில பாதியை உறிஞ்சும். மேஜுக்கு அதுதான் கல்.

இரணைமடு வான்கதவு

மாங்குளம், அதின்ர மற்றப் பக்கத்தையும் சொல்லும். அட்ரொனாக் ஸ்டோன் ரீஜெனை, அதாவது மேஜிக்கா ஊறுற வேகத்தை, 50% குறைக்கும். பெடியன் கேக்கிறதே நிரம்புதில்லை எண்டுதான். அது பிறகு, செலவு குறைஞ்ச காலத்துக்குரிய கல்.

தம்பி, மறுமொழி சொல்ல முதல் நாலு விசயம் தெரியவேணும். டெஸ்ட்ரக்ஷன் மரத்தில லெவல் பொயின்ட் போட்டு எடுத்த பெர்க் (தனித்திறமை) என்னென்ன? போட்டிருக்கிற உடுப்பு என்ன? டிஃபிகல்ட்டி எதில கிடக்கு? மேஜிக் மெனுவில கடைசியா இருக்கிற ஆக்டிவ் எஃபெக்ட்ஸைத் திறந்து, அதில இருக்கிறதை அப்பிடியே இஞ்ச எழுதும்.

புதுக்குடியிருப்புப் பெடியன்

பெர்க்: நொவிஸ் டெஸ்ட்ரக்ஷன், டுவல் காஸ்டிங், ஓக்மென்டட் ஃபிளேம்ஸ் ஒண்டு. மிச்சம் கொன்ஜுரேஷன், அல்கெமி, கொஞ்சம் வாளிலயும் போட்டாச்சு. செலவழிக்காத பொயின்ட் 2 கிடக்கு.
உடுப்பு: லெதர் ஆமர், என்சான்ட் (மந்திரம் ஏத்தினது) ஒண்டும் இல்லை.
டிஃபிகல்ட்டி: மாஸ்டர்.
ஆக்டிவ் எஃபெக்ட்ஸ்: பிரெட்டன்ர மேஜிக் ரெசிஸ்டன்ஸ், மேஜ் ஸ்டோன், பிறகு விட்பேன் எண்டு ஒண்டு. அது என்னெண்டு விளங்கேல்ல.

இரணைமடு வான்கதவு

விட்பேன் ஒரு வருத்தம் தம்பி. சேபர் பூனை கடிச்சா வரும். மேஜிக்கா 50% மெதுவாத்தான் ஊறும், தானா மாறவும் மாறாது. வைட்ரன் பட்டணத்துக் கினாரெத் கோயில்ல இருக்கிற ஷ்ரைன் எண்ட பீடத்தைத் தொடும், அந்த இடத்திலயே போயிடும். கியூர் டிசீஸ் போஷன் கிடந்தாலும் சரி. இதே மாதிரி ஹாக்ரேவன் அடிச்சா பிரெய்ன் ரொட் வரும், அது மொத்த மேஜிக்காவில 25ஐ வெட்டும். சண்டை ஒண்டு முடிஞ்சா அந்தப் பக்கத்தை ஒருக்காப் பாக்கிறது நல்லம்.

இப்ப கணக்குக்கு வருவம். மேஜிக்கா எண்டது குளம் மாதிரி. எல்லாரும் அணைக்கட்டை உயர்த்தத்தான் ஓடுறது, துருசு எவ்வளவு துறந்து கிடக்கெண்டு ஒருத்தரும் பாக்கிறேல்ல.

வரத்து: சண்டை இல்லாத நேரம் உம்மட மொத்த மேஜிக்காவில செக்கனுக்கு 3% ஊறும். சண்டை தொடங்கினதும் அது மூண்டில ஒண்டாகும், அதாவது 1%. 200க்கு செக்கனுக்கு 2. விட்பேனோட 1. ஃபிளேம்ஸ் மாதிரித் தொடர்ந்து பிடிக்கிற ஸ்பெல் போய்க்கொண்டிருக்கேக்க அதுவும் இல்லை.

செலவு: பயர்போல்ட்டின்ர அடிப்படை விலை 41. ஸ்கில் ஏற ஏற விலை குறையும், 40இல ஏறத்தாழ 32. ரெண்டு கையாலயும் சேத்து அடிச்சா விலை 2.8 மடங்கு, சேதம் 2.2 மடங்குதான். ஆகவே ஒரு டுவல் அடிக்கு 89 போகுது. ரெண்டு அடிக்கு 178. உம்மட 200 எங்க போனதெண்டு இப்ப விளங்கும். மிச்சம் 22தான், செக்கனுக்கு 1 ஊறினா அடுத்த டுவல் அடிக்கு ஒரு நிமிசத்துக்கு மேல ஓடவேணும்.

இதில பெரிய ஓட்டை பெர்க். நொவிஸ் டெஸ்ட்ரக்ஷன் பாதி விலையாக்கிறது நொவிஸ் ஸ்பெல்லுகளை மட்டும்: ஃபிளேம்ஸ், ஃப்ரொஸ்ட்பைட், ஸ்பாக்ஸ். பயர்போல்ட் அப்ரென்டிஸ் தரம். அதுக்கு அப்ரென்டிஸ் டெஸ்ட்ரக்ஷன் பெர்க் தனியா எடுக்கவேணும், ஸ்கில் 25 காணும், உம்மட்ட 40 இருக்கு. சும்மா கிடக்கிற பொயின்ட்டில ஒண்டை இப்பவே அதில போடும். 32 எண்டது 16 ஆகும். டெஸ்ட்ரக்ஷன்ர விலைப் பெர்க்குகள் ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனி: அடெப்ட் 50இல, எக்ஸ்பெர்ட் 75இல, மாஸ்டர் 100இல. புதுத்தர ஸ்பெல் புத்தகத்தை வாங்கிப்போட்டு அந்தத்தரப் பெர்க் இல்லாமல் அடிச்சா திரும்ப இதே இழை திறக்கவேண்டிவரும்.

ஒரு மேஜிக்காவுக்கு எவ்வளவு சேதம் எண்டு பாருங்கோ. ஓக்மென்டட் ஃபிளேம்ஸோட பயர்போல்ட் 25இல இருந்து 31 ஆகும். இப்ப நீர் அடிக்கிற டுவலுக்கு ஒரு மேஜிக்காவுக்கு 0.77. ஒற்றைக்கை அடி, பெர்க் இல்லாமல், 0.98. பெர்க்கோட ஒற்றைக்கை 1.96. அதே 200இல 12 அடி வரும், சேதம் 375. இப்ப உமக்கு 200க்கு வாறது 137.

பாலைப்பழம்

அண்ணை விட்டதொண்டு: டிஃபிகல்ட்டி. மாஸ்டர்ல நாங்கள் குடுக்கிற சேதம் பாதி, வாற சேதம் ரெட்டிப்பு. மேஜுக்கு இதின்ர அர்த்தம் என்னெண்டா, அதே டிராகரை விழுத்த ரெண்டு மடங்கு மேஜிக்கா வேணும். டெஸ்ட்ரக்ஷன் ஸ்கில் ஏறினாலும் சேதம் ஏறாது, விலைதான் குறையும். அதால கீழ் லெவல்ல வாள்காரனை விட மேஜுக்குத்தான் மாஸ்டர் கூட நோகும். அடெப்ட்டுக்கு இறக்கினா ரெண்டு பக்கமும் 1 மடங்கு, எக்ஸ்பெர்ட்டில குடுக்கிறது 0.75, வாறது 1.5. செட்டிங்ஸில எந்த நேரமும் மாத்தலாம். லெவல் 25, 30 மட்டும் அடெப்ட்டில விளையாடிப்போட்டு ஏத்துங்கோ, ஒருத்தரும் வந்து மார்க் குறைக்கப் போறேல்ல.

லெதர் ஆமரையும் கழட்டுங்கோ தம்பி. இந்தக் கேமில ஆமர் மந்திரத்தைக் கெடுக்காது, உண்மை. ஆனா உங்கட ஆமர் மந்திரத்துக்கு ஒரு உதவியும் செய்யேல்ல. நொவிஸ் ரோப்ஸ் ஒஃப் டெஸ்ட்ரக்ஷன் எண்ட உடுப்பு விலையை 12% குறைக்கும், ரீஜெனை 50% கூட்டும். நொவிஸ் ஹூட் போட்டா மேஜிக்கா 30 கூடும், அது மூண்டு லெவல் ஏறினதுக்குச் சமன். விட்பேனோட ரோப்பைப் போட்டா ரோப்பின்ர 50ஐ வருத்தம் தின்னும், அதால முதல் ஷ்ரைன்.

ஆமர் இல்லாமல் எப்பிடி நிக்கிறதெண்டு கேப்பியள். ஓக்ஃபிளெஷ் எண்ட ஸ்பெல் 60 செக்கனுக்கு 40 ஆமர் தரும். ஆல்ட்டரேஷன் 30 வந்து மேஜ் ஆமர் பெர்க் எடுத்தா அது 80. ஒரு துண்டு ஆமர், கையுறை எண்டாலும், போட்டிருந்தா அந்தப் பெர்க் வேலை செய்யாது. ஓக்ஃபிளெஷ்ஷைக் கதவு துறக்க முதல் போட்டுப்போட்டு நில்லுங்கோ. சண்டைக்கு வெளிய மொத்தக் கோடும் முக்கால்நிமிசத்துக்குள்ள நிரம்பிவிடும். அட்ரொனாக் எண்ட துணைப்பூதத்தைக் கூப்பிடுறதும் இப்பிடித்தான், ஃபிளேம் அட்ரொனாக்கின்ர அடிப்படை விலை 150, அதைச் சண்டைக்க கட்டுறது வீண்.

புதுக்குடியிருப்புப் பெடியன்

நன்றி அண்ணை, அக்கா. ஷ்ரைன் தொட்டாச்சு, பெர்க்கும் எடுத்தாச்சு. நல்ல வித்தியாசம் தெரியுது. ரெண்டு சந்தேகம். மற்ற பொயின்ட்டை எதில போட? போஷனும் சரிவருதில்லை. வைட் கப்பையும் ரெட் மவுண்டன் ஃபிளவரையும் கலந்தா மேஜிக்கா கூடுறதுக்குப் பதிலாக் குறையிற மாதிரியும் ஏதோ வருது. இன்னுமொண்டு, எதிரி மேஜ் மின்னல் அடிச்சா நான் ஒரு ஸ்பெல்லும் போடாமலே கோடு இறங்குது. அது பக்கோ?

பாலைப்பழம்

பக் இல்லை. ஷொக் சேதம் ஹெல்த்தில எவ்வளவோ, அதில பாதியை மேஜிக்காவிலயும் வெட்டும். நீங்கள் பிரெட்டன் எல்லோ, டிராகன்ஸ்கின் எண்ட பவர் ஒரு நாளைக்கு ஒருக்கா இருக்கு. 60 செக்கனுக்கு எதிரி ஸ்பெல்லின்ர மேஜிக்காவில பாதியை உறிஞ்சும். மின்னல்காரனைக் கண்டதும் அதைப் போடுங்கோ. கன பேர் பிரெட்டன் எடுத்துப்போட்டு அந்தப் பவரை ஒருநாளும் அமத்தினதில்லை.

போஷன்: வைட் கப், ரெட் மவுண்டன் ஃபிளவர் ரெண்டிலயும் மேஜிக்கா தாற ரீஸ்டோர் மேஜிக்காவும் இருக்கு, அதை வெட்டுற ராவேஜ் மேஜிக்காவும் இருக்கு. கலந்தா ரெண்டும் சேந்துதான் வரும். கிரீப் கிளஸ்டரை எடுங்கோ, விண்ட்ஹெல்முக்குத் தெற்க வெந்நீர் ஊத்துப் பக்கம் நிலத்தில படந்து கிடக்கும். கிரீப் கிளஸ்டரும் வைட் கப்பும், இல்லாட்டி கிரீப் கிளஸ்டரும் ரெட் மவுண்டன் ஃபிளவரும், இல்லாட்டி கிரீப் கிளஸ்டரும் மோரா டபினெல்லாவும். மூண்டிலயும் ரீஸ்டோர் மேஜிக்கா மட்டும் வரும். மூண்டையும் ஒரே போஷன்ல போடாதேங்கோ, பெலன் கூடாது, சாமான்தான் வீண்.

உள்ளியும் உப்பும் கலந்தா ரீஜெனரேட் மேஜிக்கா வரும், கடையில மலிவு. ஆனா ஆசைப்படாதேங்கோ. அல்கெமி குறைவா இருக்கேக்க அது 20% சொச்சம் கூட்டும், 5 நிமிசத்துக்கு. உங்கட செக்கனுக்கு 2இல 20% எண்டா 0.4. அரை நிமிசச் சண்டையில 12 மேஜிக்கா. அதே நிலையில ரீஸ்டோர் போஷன் ஒண்டு உடன 20க்கு மேல தரும். சண்டைக்கு ரீஸ்டோர், நீண்ட குகைக்கு உள்ளி. மெனு திறந்திருக்கேக்க கேம் நிக்கும், அதால போஷன்களை ஃபேவரிட்ஸில போட்டு வைச்சா அடி விழ முதல் ஆறுதலாக் குடிக்கலாம்.

இரணைமடு வான்கதவு

மற்றப் பொயின்ட்டை இம்பாக்ட்டில போடும். டெஸ்ட்ரக்ஷன் 40உம் டுவல் காஸ்டிங்கும் வேணும், ரெண்டும் இருக்கு. டுவல் அடி விழேக்க எதிரி தள்ளாடுவான், அடிக்க ஏலாது. இப்ப பெர்க்கோட டுவல் பயர்போல்ட் 45க்குக் கிட்ட, ரோப் போட்டா 39. பெரிய டிராகர் கிட்ட வந்தா மட்டும் டுவல், மற்றதுக்கெல்லாம் ஒற்றைக்கை.

மாங்குளச் சந்தி

இம்பாக்ட் சரி. அப்ப அப்ரென்டிஸ் ஸ்டோன் எப்பிடி? ரீஜென் ரெட்டிப்பு எல்லோ.

இரணைமடு வான்கதவு

அதோட மேஜிக்குக்கு 100% வீக்னஸ் வரும். பிரெட்டனுக்கு இருக்கிற 25% கழிஞ்சாலும் 75% கூட விழும். டிராகரும் கரடியும் அடிக்கிற இடத்துக்குச் சரி, மேஜ் கூட்டத்துக்க போனா ரெண்டு மின்னலில ஆள் சரி. பெடியன் இப்ப மேஜ் ஸ்டோனிலயே இருக்கட்டும், ஸ்கில் 20% கெதியா ஏறும், ஸ்கில் ஏறினா விலை இறங்கும். ரெஸ்டொரேஷன் 30 வந்தா ரிகவரி பெர்க் எடுக்கலாம், ரீஜென் 25% கூடும், 60இல ரெண்டாவது எடுத்தா 50%. அந்தப் பெர்க்குக்கு வீக்னஸ் ஒண்டும் இல்லை.

புதுக்குடியிருப்புப் பெடியன்

அப்ப லெவல் ஏறக்க மேஜிக்காவோ, ஹெல்த்தோ?

பாலைப்பழம்

இப்ப ரெண்டு ஹெல்த்துக்கு ஒரு மேஜிக்கா. 130 ஹெல்த் மாஸ்டர்ல ஒண்டுமில்லை. 10 மேஜிக்கா கூட்டினா அரைவாசி பயர்போல்ட் கூடக் கிடைக்கும், சண்டைக்க ரீஜென் செக்கனுக்கு 0.1 கூடும், அவ்வளவுதான்.

கடைசியில போற இடம் என்சான்டிங். டெஸ்ட்ரக்ஷன் விலையைக் குறைக்கிற ஃபோர்ட்டிஃபை டெஸ்ட்ரக்ஷன் என்சான்டைத் தலை, உடம்பு, கழுத்து, மோதிரம் நாலிலயும் போடலாம். என்சான்டிங் 100, பெர்க் எல்லாம், சோல் ஜெம் எண்ட கல்லுக்க அடைச்ச கிராண்ட் (ஆகப் பெரிய) ஆத்மா எண்டால் ஒண்டுக்கு 25%. நாலும் சேர 100%, டெஸ்ட்ரக்ஷன் ஸ்பெல் சும்மா. அதுக்குப் பிறகு அட்ரொனாக் ஸ்டோனும் சரி, மாங்குளம் சொன்ன மாதிரி.

போற வழியில மூண்டு இடத்தில ஆக்கள் பிழைவிடுறவை. ஃபோர்ட்டிஃபை டெஸ்ட்ரக்ஷன் உள்ள மோதிரமோ மாலையோ கிடைச்சா அதை டிஸ்என்சான்ட் பண்ணித்தான் பழகவேணும், சாமான் அழியும், ரெண்டு கிடைக்க ஒண்டை உடையுங்கோ. ரோப்பை உடைச்சா வாறது ரீஜெனோட சேந்த வேற என்சான்ட், அது உடம்புக்கு மட்டும், மோதிரத்தில போட ஏலாது. மூண்டாவது, கிராண்ட் ஜெம்முக்க சின்ன ஆத்மா விழுந்தா என்சான்ட் சின்ன ஆத்மாவின்ர அளவிலதான் வரும். எலி, நரி அடிக்கேக்க ஆத்மா பிடிக்கிற சோல் ட்ராப் ஸ்பெல் போடாதேங்கோ, போடவேணுமெண்டால் பெட்டி (ஆகச் சின்ன) ஜெம் மட்டும் பையில வைச்சிருங்கோ.

புதுக்குடியிருப்புப் பெடியன்

கிராண்ட் ஜெம் மூண்டு கிடக்கு அக்கா, மூண்டிலயும் ஓநாய். கரண்டும் இப்ப போட்டுது, வந்ததும் ரோப் தேடப் போறன்.

மாங்குளச் சந்தி

 அந்த மூண்டையும் ஆயுதம் சாச் பண்ணப் பாவியும், இல்லாட்டி சின்ன என்சான்ட் போட்டு ஸ்கில்லை ஏத்தும். அடுத்த கிராண்ட் வெறுமையா வாங்கி மம்மத்துக்கு வைச்சிரும்.