லிஸ்டர் என்ஜின், ரப்பர் ஷீட் மெஷின், தாத்தாவின் துப்பாக்கி: இப்போது யார் வாங்குகிறார்கள்?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட், மலேசியா):
பழைய வீட்டைக் காலி செய்கிறோம். கொட்டகையில் லிஸ்டர் 6/1 (ஆறு குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர்) டீசல் என்ஜின் ஒன்று (ஃப்ளைவீல் என்ற பெரிய சக்கரம் அசையவில்லை), உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அழுத்தும், கையால் சுற்றும் ரப்பர் ஷீட் மெஷின் இரண்டு: ஒன்று வழவழப்பு ரோலர், ஒன்று வரி ரோலர். அண்மையில் தவறிய தாத்தா பேரில் லைசன்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருக்கிறது. முன்பு இவற்றைத் தேடி வருவார்கள். இப்போது பழைய இரும்புக்காரர் மட்டும்தான் கிலோ கணக்கில் கேட்கிறார். சேகரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா? விற்குமுன் என்ன செய்ய வேண்டும்?

கிராணி வீடு:
தம்பி, முதலில் துப்பாக்கி. அதை விற்கும் பேச்சே வேண்டாம். 1960 ஆயுதச் சட்டத்தில் லைசன்ஸ் ஆளுக்குக் கொடுப்பது. ஆள் போனால் வாரிசுக்குத் தானாக வராது. லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1971 துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. நீங்களாகக் காரில் தூக்கிப் போகாதீர்கள். இன்றே போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து, எப்படி ஒப்படைப்பது என்று அவர்களையே கேளுங்கள். லைசன்ஸ், இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை மூன்றையும் தயாராக வையுங்கள். தோட்டாக்களை எண்ணிக் கொடுத்து, எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

வெளிநாட்டு விலையைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். இங்கிலாந்திலேயே பர்மிங்ஹாமில் செய்த சாதாரண, குழல் இரண்டும் பக்கம் பக்கமாக உள்ள துப்பாக்கிக்கு மவுசு குறைந்துவிட்டது. இளையவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் உள்ளதைக் கேட்கிறார்கள். பழையவற்றில் பலவற்றுக்குத் தோட்டா நுழையும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம்தான். இன்றைய இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எகிறும். 2020-இல் அங்குள்ள வேட்டைச் சங்கங்கள் ஐந்து ஆண்டுக்குள் ஈயக் குண்டைக் கைவிடச் சொன்னதிலிருந்து, எஃகுக் குண்டு தாங்காத மெல்லிய குழலை வாங்கத் தயங்குகிறார்கள்.

பட்டறை 650:
என்ஜினுக்கு ஆள் இருக்கிறது, கேட்கும் விதம்தான் மாறிவிட்டது. தோட்டத்து ஃபேக்டரியில் ஸ்பானர் பிடித்த தலைமுறை உடைந்ததையும் வாங்கி, பிரித்து மாட்டியது. இப்போது கேட்கும் முப்பது வயதுக்காரர் டெரஸ் வீட்டில் இருக்கிறார். முன்னூறு கிலோவுக்கு மேல் உள்ளதை எங்கே வைப்பார்? ஓடும் வீடியோவைப் பார்த்தால்தான் லோரிக்குப் பணம் கட்டுவார். அதனால் சுற்ற வைப்பதே முதல் வேலை.

சம்மட்டியைத் தொடாதீர்கள். ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, ஆரக்காலில் மயிரிழை விரிசல் விழுந்தால் நிமிடத்துக்கு 650 சுற்று வேகத்தில் வெடித்துச் சிதறும். ஆரக்கால் நடுவே கடப்பாரை கொடுத்து நெம்புவதும் அப்படித்தான். இன்ஜெக்டரை (டீசலைப் பீய்ச்சும் முனை) கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் (ஆட்டோ கியருக்கு ஊற்றும் சிவப்பு ஆயில்) சரிபாதி கலந்து ஒரு டம்ளர் ஊற்றுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். வால்வு இரண்டும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிய வால்வோடு சுற்றினால் வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். பிறகு வீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு விரல்கடை அசைந்தால் போதும், மீதி தானாக வரும்.

ஓட்டுமுன் இரண்டு காரியம். கிராங்க் கேஸ் (என்ஜினின் அடிப்பெட்டி) கதவைத் திறந்து அடியில் உள்ள கசடைச் சுரண்டி எடுங்கள். இதில் பிக் எண்டுக்குக் (கனெக்டிங் ராடின் கீழ்முனை) கீழே உள்ள கரண்டிதான் ஆயிலை வாரி இறைக்கிறது. கசடு இருந்தால் பேரிங் வறண்டு போகும். ஆயில் எஸ்.ஏ.இ. 30. அடுத்து, டீசல் பம்ப்பின் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். திறந்தபடி இறுகியிருந்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் இழுக்க முடியாது, என்ஜின் கட்டுமீறிப் பறக்கும். பலர் கவனிக்காத இடம் இதுதான்.

வரிரோலர்:
ஷீட் மெஷின் பற்றிச் சொல்கிறேன். 1965-இல் எஸ்.எம்.ஆர். (மலேசிய ரப்பர்) தரமுறை வந்து, கோப்பையில் உறைந்த கட்டியையே ஆலைக்கு விற்க வழி பிறந்தது. சிறுதோட்டக்காரர் மெல்ல மெல்ல ஷீட் போடுவதை விட்டார். செம்பனை வந்ததும் மிச்சமும் போயிற்று. இன்று வாங்குவோர் ஈப்போ பக்கம் காப்பிக்கடை அலங்காரத்துக்கு வாங்குகிறார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்து மூலையில் நிறுத்திவிடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. ஜோடியாக, கைப்பிடியோடு, பல்சக்கரம் உடையாமல் இருந்தால் அதன் மதிப்பு தெரிந்தவர் வருவார். இரண்டையும் பிரித்து விற்காதீர்கள்.

வரி ரோலரைக் கிரைண்டரில் தேய்க்கவே கூடாது. ஷீட்டின் பரப்பைக் கூட்டி, புகைவீட்டில் சீக்கிரம் காய வைப்பது அந்த வரிதான். அது மழுங்கினால் மெஷின் வெறும் இரும்பு. பாலை உறைய வைக்கும் ஃபோர்மிக் ஆசிட் பட்டுக் குழி விழுந்திருக்கும், அதை அப்படியே விடுங்கள். மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், கடைசியில் மெல்லிய ஆயில் பூச்சு. இடைவெளி ஸ்க்ரூ இறுகியிருந்தால் சூடு காட்டி ஆயில் விடுங்கள். பல்சக்கரத்தில் விரிசல் இருந்தால் சாதாரண வெல்டிங் ராடு பிடிக்காது. நிக்கல் ராடு வேண்டும், முன்கூட்டியே சூடும் ஏற்ற வேண்டும்.

லயத்துப்பையன்:
நன்றி அண்ணே. போலீசுக்குப் பேசிவிட்டேன், நாளை காலை வருகிறார்கள். என்ஜின் பெயர்த்தகடு முழுக்கப் பெயிண்ட். கம்பி பிரஷ் போடலாமா?

பட்டறை 650:
வேண்டாம். எண் பித்தளையில் லேசாகத்தான் குத்தியிருக்கும், கம்பி பட்டால் அழிந்துவிடும். பெயிண்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, பழைய பல் பிரஷால் தேயுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் செய்த அசலா, இந்தியாவின் ராஜ்கோட் நகலா என்று பார்த்துச் சொல்கிறேன். விலையில் பெரிய வித்தியாசம் அங்கேதான்.