கருவிலேயே தொடங்கும் நோய்களுக்கு மாவட்டத் திட்டத்தில் இடம் எங்கே?

கேள்வி (வாழைச்சேனை, அபிவிருத்தி உத்தியோகத்தர்)
எங்கள் பிரதேசத்தின் போசாக்குத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கும் வந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஹேர்ட்ஃபட்ஷயரில் மருத்துவிச்சிகள் எழுதிவைத்த பழைய பதிவேடுகளைக் கொண்டு, பிறந்தபோதும் ஒரு வயதிலும் நிறை குறைந்திருந்த ஆண்களே பிற்காலத்தில் இருதய நோயால் கூடுதலாக இறந்தார்கள் என்று மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் குழுவினர் 1989இல் காட்டினார்கள். எங்கள் திட்டத்திலோ கர்ப்பிணிக்குத் திரிபோஷா என்ற சத்துமாவும், நடுத்தர வயதினருக்குச் சீனி, பிரஷர் பரிசோதனையும் மட்டுமே உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையில் எதைச் சேர்க்கலாம்?

மறுமொழி (படுவான்கரை, குடும்ப நல உத்தியோகத்தர்)
தாய் எங்களிடம் பதிய வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. கரு உருவாகி 28 நாட்களுக்குள் குழந்தையின் மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக்குழாய் மூடிவிடுவதால், அது சரியாக மூடுவதற்கென்று எட்டாவது வாரத்தில் போலிக் அமில மாத்திரை கொடுப்பது பிந்தியதே. பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை பெற்ற பெண்பிள்ளை, சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போனதும் எவருடைய பட்டியலிலும் இருப்பதில்லை. பிறகு அவள் திருமணமாகி, ஹீமோகுளோபின் 11க்குக் (g/dL) கீழே இறங்கி, குருதிச்சோகையுள்ள நிலையில் கிளினிக்குக்கு வருகிறாள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் வழியாக இந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். திரிபோஷாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: கஷ்டப்பட்ட வீட்டில் அந்தப் பைக்கற்றை மூத்த பிள்ளைகளுக்கும் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மறுமொழி (கல்முனை, மருத்துவர்)
சகோதரி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குறைநிறையை மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் உடலிலும் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதைப் இந்தியாவின் பூனே நகர ஆய்வுகளில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கண்டார்கள். ஆகவே பாலூட்டும் வயதைக் கடந்த பிள்ளையை இனிப்பும் பிஸ்கற்றும் கொடுத்து அவசரமாகக் கொழுக்க வைப்பது தீர்வாகாது. கர்ப்பகால நீரிழிவு வந்த தாய்க்கும் அவள் பிள்ளைக்கும் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தும், பிரசவத்தின் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் செய்ய வேண்டிய குளுக்கோசுப் பரிசோதனைக்கு வராமல் விடுபவர்கள் பலர். குழந்தையின் தடுப்பூசி நாளிலேயே தாயின் குருதியையும் பரிசோதித்தால் இன்னொரு பஸ் பயணம் மிச்சமாகும். 1944–45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்தது உண்மையே. ஆயினும் அதை வைத்து, சத்துமா கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று திட்டத்தில் எழுதிவிடாதீர்கள். குருதிச்சோகை, பிறப்பு நிறை, தாய்ப்பாலூட்டல் போன்று சில ஆண்டுகளில் அளக்கக்கூடியவற்றையே இலக்காக வையுங்கள்.

மறுமொழி (திருக்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியை)
தம்பி, தாய்மாருக்கு அறிவுரை வகுப்பு நடத்துவதுடன் திட்டத்தை முடித்துவிடாதீர்கள். நுண்கடன் தவணை கட்டும் கிழமையில் முதலில் குறைவது அந்த வீட்டுப் பெண்ணின் மீனும் முட்டையும்தான். கடன் சுமையையும் கணவன்மாரின் குடிச்செலவையும் தொடாத போசாக்குத் திட்டம், பிள்ளையின் நோய்க்குத் தாயைக் குற்றவாளியாக்கும்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. பாடசாலையை விட்ட பெண்பிள்ளைகளின் பட்டியலைக் கிராம உத்தியோகத்தர்களிடம் கேட்கப்போகிறேன். குடும்ப நல உத்தியோகத்தர் அக்கா, ஞாயிறு மட்டும் லீவு கிடைக்கும் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு எந்த நேரத்தில், எங்கே கிளினிக் வைத்தால் வருவார்கள்?