30 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆர்.சி. கார் பந்தயம்: எது தேறியது, எது கெட்டது?

பழைய பினியன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1988 முதல் 1995 வரை இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரேடியோவால் இயக்கும் (ஆர்.சி.) மின்சார பக்கி கார்களை, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் சிறு கார்களை, ஓட்டி வந்தேன். கோடையில் புல்தரை, குளிர்காலத்தில் பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் விரித்த கம்பளம் என்று வாரம் தவறாமல் போன காலம் அது. பிறகு வேலை, வீடு, குழந்தைகள் என்று வாழ்க்கை நகர, எல்லாம் பரணில் ஏறிவிட்டது. இப்போது பன்னிரண்டு வயதாகும் என் மகள் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கித் தூசு தட்டி, இது இன்னும் ஓடுமா என்று கேட்கிறாள்.

நிலவரம் அறிய, கார் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு ஒரு கிளப்புக்குப் போய் வந்தேன். உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் என் கண் அலைவரிசைப் பலகையைத்தான் தேடியது. 27 மெகாஹெர்ட்ஸில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று அலைவரிசைக்கு ஒரு நிறமாகக் கிளிப்புகள் தொங்கும். நம் நிறத்துக் கிளிப் பலகையில் இல்லையென்றால் டிரான்ஸ்மிட்டரை முடுக்கவே கூடாது. முடுக்கினால் களத்தில் ஓடிக்கொண்டிருக்கும் யாருடைய காரோ சுவரில் போய் முட்டும். பலகை எங்கே என்று அங்கிருந்த இளைஞரிடம் கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. மோட்டாரின் கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) கடைந்து வழவழப்பாக்கும் குட்டி லேத்தின் கீச்சொலியும் இல்லை, மோட்டார் ஸ்ப்ரேயின் வாடையும் இல்லை. கார்களோ கண்ணால் தொடர முடியாத வேகத்தில் போயின.

இடைவிடாமல் ஓட்டி வருபவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: பந்தயம் உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறதா, அல்லது வேகம் மட்டுந்தான் கூடியிருக்கிறதா? எதில் கெட்டிருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். என்னிடம் உள்ள பழைய ஆர்.சி.10 என்ற பக்கி காரை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்பது கிளைக்கேள்வி.

நடுமோட்டார் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் 1986இல் தொடங்கியவன். இடையில் நிறுத்தியதே இல்லை. ஆகவே நான் சொல்வதில் பழம்பெருமை கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

பெரிய மாற்றம் பேட்டரியில் நடந்தது. நாம் தொடங்கியபோது ஆறு செல் நிக்கல்-காட்மியம், 1200 மில்லியாம்பியர்-மணி. 5 நிமிடப் பந்தயத்துக்கு அதைப் பங்கிட்டால் சராசரியாக 14.4 ஆம்பியர்தான் இழுக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் நாலாவது நிமிடத்தில் கார் நடக்கத் தொடங்கிவிடும். பினியனில் (மோட்டாரின் சிறு பற்சக்கரம்) ஒரு பல் கூட்டினால் நேர்ப்பாதையில் பறந்து கடைசிச் சுற்றில் தவழ வேண்டும். ஒரு பல் குறைத்தால் கடைசிவரை ஓடி ஐந்தாவதாக வர வேண்டும். வளைவுக்குக் கொஞ்சம் முன்பாகவே த்ராட்டிலைத் தளர்த்தி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவரே கெட்டிக்காரர். ஒருமுறை பி இறுதிப்போட்டியில் (இரண்டாம் நிலை ஓட்டுநர்களுக்கான இறுதி) அரைச் சுற்று முன்னிலையில் இருந்தேன். கடைசி வளைவைத் தாண்டியதும் கார் முனகிக்கொண்டே நின்றது. முடிவுக் கோடு நான்கடி தூரத்தில் இருந்தது. கவிழாமல் நிற்கும் காரைத் தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மார்ஷல் (கவிழ்ந்த கார்களைத் தூக்கி நிறுத்துபவர்) என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், பின்னால் வந்த மூவர் எங்கள் இருவரையும் கடந்து போனார்கள்.

அதன் பிறகு 1700 வந்தது; 2000களின் நடுவில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு 4200ஐ எட்டியது; அதாவது அதே 5 நிமிடத்துக்குச் சராசரி 50 ஆம்பியர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் லித்தியம்-பாலிமர் அனுமதி பெற்றதோடு கணக்கே முடிந்துவிட்டது. இன்று பக்கிப் பந்தயம் முடிந்த பிறகும் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. மிச்சம் பிடித்து ஓட்டும் அந்தக் கலை அழிந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதற்குக் கட்டிய விலையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செல்லையும் இயந்திரத்தில் வைத்து மின்சாரத்தை வடித்துப் பார்த்து, எத்தனை விநாடி தாங்கியது, சராசரி எத்தனை வோல்ட் என்று சீட்டு ஒட்டி, ஒத்த செல்களை ஆறாறாகச் சேர்த்துத் தனி விலைக்கு விற்பார்கள். காசுள்ளவர் நல்ல சீட்டுகளை வாங்கினார்; நாம் மீந்ததை வாங்கிப் பற்றவைத்தோம். இப்போது யார் வாங்கினாலும் இரண்டு செல், 8.40 வோல்ட் வரை சார்ஜ், அவ்வளவுதான். இது கலப்பில்லாத முன்னேற்றம்.

மோட்டார் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். செலவைக் கட்டுப்படுத்த மூடி முத்திரையிட்ட ஸ்டாக் மோட்டாரை (உள்ளே எதையும் மாற்ற முடியாத சாதாரண மோட்டார்) விதியாக்கினார்கள்; பத்து மோட்டார் வாங்கி, அதில் நன்றாகச் சுழலும் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைத் தள்ளிவிட்டவர்களை நான் அறிவேன். பிரஷ் இல்லாத மோட்டார் வந்தபோது லேத்துக்கும் பிரஷுக்கும் விடை கொடுத்தோம், இனி எல்லாரும் சமம் என்று நம்பினோம். 2009, 2010 வாக்கில் ஸ்பீடு கண்ட்ரோலரின் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மென்பொருளே மோட்டாரின் டைமிங்கை (கம்பிச்சுருளுக்கு மின்சாரம் மாறும் கணம்) ஓட்டத்தின் நடுவே முன்தள்ளத் தொடங்கியது. அதே 17.5 கம்பிச்சுற்று மோட்டார் வெறிபிடித்தாற்போல் ஓடியது; மென்பொருள் புதுப்பிக்காதவர் பின்தங்கினார். அதைத் தடுக்க, டைமிங் பூஜ்யம் என்பதற்கு அடையாளமாகக் கண்ட்ரோலரின் விளக்கு விட்டுவிட்டு மின்ன வேண்டும் என்று விதி வந்தது. இந்த விதிப்படி ஓட்டுவதற்குப் பிளிங்கி என்ற பெயர் அப்படி வந்ததே. இப்போது காசு ரோட்டர்களிலும் (மோட்டாருக்குள் சுழலும் காந்தம்) டைட்டானியம் திருகுகளிலும் இறங்குகிறது. ஒவ்வொரு விதிக்கும் அடுத்த பருவத்திலேயே ஒரு பக்கக் கதவு திறந்துவிடுகிறது. 40 ஆண்டுகளாகப் பார்க்கிறேன், செலவு இடம் மாறியதே தவிர குறையவில்லை.

உங்கள் ஆர்.சி.10ஐத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1984இல் வெளிவந்த கார் அது. மறு ஆண்டு கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த, இந்த அளவு மின்சார பக்கிகளுக்கான முதல் உலகப் போட்டியில் இரு சக்கர இயக்கப் பிரிவை (மோட்டார் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் கார்கள்) வென்றதும் அதுவே. 2013இல் அதே காரை மறுபடி தயாரித்து விற்றார்கள். பழைய கார்களுக்கென்று தனிப் பந்தயங்களும் நடக்கின்றன. ஒரே எச்சரிக்கை: பழைய கண்ட்ரோலரோடு லித்தியம் பேட்டரியை இணைக்காதீர்கள். செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெடும் என்பது அந்தக் கண்ட்ரோலருக்குத் தெரியாது; தானாக நிறுத்தாது.

ஈரக்கம்பளம் எழுதியது:

நடுமோட்டார் அண்ணா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். 2014இல் சேர்ந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

முன்னோர்கள் அலைவரிசைப் பலகையைப் பற்றி ஏக்கத்தோடு பேசும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததால்தான் என்னைப் போன்ற புதியவர் யாருடைய காரையும் இடிக்காமல், யாரிடமும் திட்டு வாங்காமல் முதல் நாளே பயிற்சிக்கு இறங்க முடிந்தது. ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒருமுறை கைகோத்துவிட்டால் பக்கத்தில் பத்துப் பேர் நின்றாலும் குழப்பமில்லை. கார் திடீரென்று தானாகத் திரும்பி ஓடியதை நான் கதையாக மட்டுமே கேட்டிருக்கிறேன்.

கெட்டுப்போனதாக நான் நினைப்பது வேறொன்று. வெளிநாட்டில் நேற்று வென்றவர் ஷாக்கில் (அதிர்வு தாங்கி) எந்த எண்ணெய், எந்தத் துளையில் கேம்பர் (சக்கரச் சாய்வு) இணைப்பு என்பதெல்லாம் இன்று காலை கைபேசிக்கு வந்துவிடுகிறது. நான் சேர்ந்த முதல் ஜனவரியில் அப்படி ஒரு தாளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து காரை அமைத்தேன். 35 எடை எண்ணெய் (எண் கூடக்கூட எண்ணெய் கெட்டி) என்று போட்டிருந்தது. எங்கள் கூடத்தில் அன்று காலை வெப்பநிலை 5 டிகிரி இருந்தால் அதிகம். எண்ணெய் பாகாகி, மேடுகளில் கார் வெள்ளாட்டுக் குட்டி போலத் துள்ளியது. பக்கத்து மேசைப் பெரியவர் என் காரை எடுத்து நான்கு விரல் உயரத்திலிருந்து மேசைமேல் போட்டார், அது எப்படி இறங்கி அமர்கிறது என்று பார்த்தார், பேசாமல் 27.5 எண்ணெய்ப் புட்டியை நீட்டினார். மறு ஓட்டத்தில் சுற்றுக்கு அரை விநாடி குறைந்தது. அந்தத் தாள் பொய்யில்லை, அது வேறொரு நாட்டின் வெயிலுக்கு எழுதப்பட்டது. தாளை மட்டும் நம்பும் என் வயதுக்காரர்கள், காரை மேசையில் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இன்னொரு குறை, தெருமுனைக் கடைகள் மூடிவிட்டன. முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் சனிக்கிழமை உடைந்தால் ஞாயிறு ஓட்ட முடியாது. இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய என் பேட்டரி ஒன்று ஆறே வாரத்தில் தலையணை போல ஊதியது. விற்றவர் என் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. பெயர் வேண்டாம். தீத்தடுப்புப் பை இல்லாமல் சார்ஜ் போடாதீர்கள் என்பதை மட்டும் உங்கள் மகளுக்கு முதல் பாடமாகச் சொல்லுங்கள்.

கட்டுப்பாட்டு மேசை எழுதியது:

ஒரு கிளப்பின் பந்தய நாளை நடத்துபவன் என்ற நிலையிலிருந்து எழுதுகிறேன். மேலே இருவரும் விட்டுவிட்டது தளம். என் கணிப்பில் காரின் வடிவத்தையே மாற்றியது அதுதான்.

மண்ணிலும் புல்லிலும் ஓட்டிய காலத்தில் மழை வந்தால் அன்றைய நாள் போச்சு. செயற்கைப் புல்லும் கம்பளமும் வந்த பிறகு ஆண்டு முழுவதும் நடத்த முடிகிறது. காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் பிடிப்பில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் பிடிப்பு மிகுந்துபோனதால், வழுக்கும் மண்ணில் பின்சக்கரங்களை அழுத்துவதற்காகப் பின்கோடியில் வைத்திருந்த மோட்டாரை அச்சுக்கு முன்னால் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். கார் தாழ்ந்தது, சப்பையானது. இன்றைய காரை உழுத மண்ணில் விட்டால் வயிறு தட்டி நிற்கும், பழைய ஆர்.சி.10ஐ எங்கள் கம்பளத்தில் விட்டால் முதல் வளைவிலேயே பல்டி அடிக்கும். ஒரே காரைக் கொண்டு மூன்று வகைத் தளத்தில் ஓட்டிய காலம் முடிந்துவிட்டது. மேடுபள்ளத்தைப் படித்து ஓட்டும் திறமையை நான் இப்போது அரிதாகத்தான் பார்க்கிறேன். அளந்து வைத்த கோட்டில் அரை சாண் விலகாமல் ஓட்டும் திறமை வியக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இரண்டும் திறமைதான், எனக்குப் பிடித்தது முதலாவது.

நேரக்கணக்கைப் பற்றி யாருக்கும் புகார் இருக்க முடியாது. பெற்றோர் வரிசையாக உட்கார்ந்து, கார் எண்ணைப் பார்த்துப் பென்சிலால் சுற்று எண்ணிய நாளில், தன் பிள்ளைக்கு ஒரு சுற்று விட்டுப்போயிற்று என்று நடந்த சண்டைகளை நானே தீர்த்து வைத்திருக்கிறேன். காரிலுள்ள டிரான்ஸ்பாண்டர் (தன் அடையாள எண்ணை அனுப்பும் சிறு கருவி) தரைக்கடியில் புதைத்த கம்பி வளையத்தைக் கடக்கும்போது ஆயிரத்தில் ஒரு விநாடிவரை பதிவாகிவிடுகிறது.

சீர்கெட்டது மார்ஷல் முறை. தன் ஓட்டம் முடிந்ததும் அடுத்த ஓட்டத்துக்கு மார்ஷலாக நிற்க வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒரே விதி. இன்று ஓட்டம் முடிந்தவுடன் சிலர் மேசைக்கு நழுவிவிடுகிறார்கள். சிறந்த ஓட்டக் கணக்கை ரத்து செய்வேன் என்று ஒலிபெருக்கியில் மிரட்ட வேண்டியிருக்கிறது. மேசைமேல் செய்ய வேண்டிய வேலை குறைந்த காலத்தில் ஆட்களுக்கு நேரம் எப்படிப் போதாமல் போகிறது என்பது எனக்கு விளங்காத புதிர்.

மகளுக்கு: இரண்டு தலைமுறை பழைய இரு சக்கர இயக்க நடுமோட்டார் பக்கி ஒன்றைக் கிளப்பிலேயே கைமாற்றாக வாங்குங்கள். கடைசி இரண்டு விநாடிக்காகக் காரை மாற்றுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுடைய பழைய கார் அவளுக்குப் போதுமானதற்கும் மேல்.

பழைய பினியன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு பெட்டியைப் பிரித்தோம். நிக்கல் செல்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அவற்றை மறுசுழற்சிக்கு ஒதுக்கிவிட்டேன். டிஃபரன்ஷியலின் (வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) குண்டுகள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக் கிடந்தன. அந்தக் குண்டு டிஃபரன்ஷியலைக் கொண்டுவந்தவர் காஸ்வொர்த் என்ஜின் நிறுவனத்தில் வேலை பார்த்த செசில் ஷூமாக்கர் என்று சொன்னபோது மகள் கவனிக்கவில்லை. குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாப்பாட்டுத் தட்டில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆர்.சி.10ஐப் பழைய கார் பந்தயங்களுக்கு எனக்கென்று வைத்துக்கொண்டு, அவளுக்குக் கைமாற்றுக் கார் ஒன்று பார்க்கிறேன். புதிய கண்ட்ரோலர் இல்லாமல் லித்தியத்தைத் தொட மாட்டேன்.

அவள் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: மார்ஷலாக நிற்கும்போது கார்கள் வந்துகொண்டிருந்தால் குறுக்கே ஓடலாமா?

கட்டுப்பாட்டு மேசை எழுதியது:

முதலில் வரும் காரைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கவிழ்ந்த காரை. தூக்கும்போது விரல் சக்கரத்தில் படாமல் பாடியின் நடுவில் பிடிக்க வேண்டும். ஆரஞ்சு மேலங்கி சிறுவர் அளவில் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஞாயிறு காலை எட்டரைக்கு மேசை போடும்போது எடுத்து வைக்கிறேன்.