அணியம் (படகின் முன்முனை) தண்ணீரில் புதையும்போது மெயின் பாயின் கயிற்றை விடுவதா, இழுப்பதா? நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

பாய்க்காற்று

மெல்போர்ன் அருகே போர்ட் பிலிப் விரிகுடாவில் எஃப்18 (ஹல் எனும் இரண்டு உடல்கள் கொண்ட, இருவர் ஓட்டும் 18 அடிப் பாய்ப்படகு) ஓட்டுபவர்களுக்கு இந்தக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குக் காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்துக்கு மேல், அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பிக்கொண்டிருந்தது. மேல் மார்க்கை (காற்று வரும் பக்கத்தில் உள்ள திரும்பு மிதவையை) சுற்றிய ஒரு படகில் ஸ்பின்னக்கர் என்ற முன்புற உப்பல் பாய் ஏறி நிரம்பிய உடனே ஒரு பலத்த காற்று வீச்சு. லீவர்ட் (காற்று போகும் பக்கத்து) அணியம் முன் பீம் (இரண்டு ஹல்லையும் இணைக்கும் குறுக்குக் குழாய்) வரை தண்ணீருக்குள் போனது. ஸ்கிப்பர் மெயின்ஷீட்டை, அதாவது மெயின் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, முழுசாகக் கையிலிருந்து விட்டார். அணியம் மேலே வந்துவிட்டது. ஆனால் பாய்மரம் ஹவுண்டுக்கு (தாங்கு கம்பிகள் மரத்தில் சேரும் இடத்துக்கு) மேலே முறிந்து முன்பக்கமாகத் தொங்கியது. படகு கவிழவே இல்லை. கவிழாமல் இருக்கச் செய்த காரியமே மரத்தை முறித்தது, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காரணம் எளிது. இந்தப் படகுகளில் பேக்ஸ்டே (மரத்தைப் பின்னால் இழுக்கும் கம்பி) கிடையாது. பக்கக் கம்பியான சைடு ஸ்டேயும் முன் கம்பியான ஃபோர்ஸ்டேயும் ஹவுண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் இருக்கும் மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்திருப்பது மெயின் பாயின் லீச் (பின் விளிம்பு) மட்டும்தான். ஸ்பின்னக்கரை ஏற்றும் கயிறான ஹால்யார்டோ ஹவுண்டுக்கு மேலிருந்து இறங்குகிறது. சிறிய ஸ்பின்னக்கர் என்றாலும் 19 சதுர மீட்டர், பெரியது 21. ஷீட்டை விட்டதும் லீச் தளர்கிறது, நுனி முன்னால் வளைகிறது, அலுமினியம் மடிகிறது.

ஆகவே ஸ்பின்னக்கர் மேலே இருக்கும்வரை மெயின்ஷீட் இறுக்கமாகவே இருக்கட்டும். வீச்சு வந்தால் சுக்கானைக் கொண்டு காற்றோடு கீழே (காற்று போகும் திசைக்கு) இறங்குங்கள், க்ரூ ஸ்பின்னக்கர் ஷீட்டை ஓரிரு அடி விடட்டும், இருவர் உடம்பும் பின் பீம் பக்கம் போகட்டும். ஸ்பின்னக்கர் ஏறும் முன், மார்க்கில் திரும்பும் அந்தச் சில நொடிகள் வேறு கணக்கு. அங்கே மெயினைத் தாராளமாக விடலாம், விடத்தான் வேண்டும். திரும்பி முடித்ததும் மறுபடி இழுத்து இறுக்கிவிட்டு, அதன் பிறகு ஹால்யார்டில் கை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மரம் போகும்.

டயமண்ட் கம்பி

அண்ணே, ஷீட் ஒன்றையே காரணமாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த மரம் எந்த அளவு சுழன்று நின்றது என்று யாராவது பார்த்தீர்களா?

சுழலும் மரத்தின் குறுக்குவெட்டு நீள்வட்டம். நீளவாட்டில் விறைப்பு, குறுக்குவாட்டில் இளக்கம். மரம் 90 பாகை சுழன்று நின்றால் அதன் இளகிய பக்கம் படகின் முன்பின் திசைக்கு வந்துவிடும். ஸ்பின்னக்கர் இழுப்பதும் அதே திசையில்தான். ஆக, மரம் எந்தப் பக்கம் மிகவும் பலவீனமோ அந்தப் பக்கமே முழுச் சுமையும் விழுகிறது. பலத்த காற்றில் ஸ்பின்னக்கரோடு இறங்கும்போது மரத்தின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் ரொட்டேஷன் கயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். மெல்லிய காற்றில் எவ்வளவு சுழன்றாலும் கவலையில்லை.

இன்னொன்று: முறிந்த துண்டை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் முறிவு ஒரு ரிவெட் துளையிலோ ஹால்யார்டு வெளிவரும் துளையிலோ தொடங்கியிருக்கும். எஃப்18 விதிப்படி மரம் அலுமினியம், அதில் அடிக்கிற ரிவெட்டும் ஃபிட்டிங்கும் ஸ்டெயின்லெஸ். நடுவில் உப்புத்தண்ணீர் இருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். ஃபிட்டிங்கைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, ட்யூராலாக் மாதிரி ஒரு பசையைத் தடவித்தான் திரும்ப அடிக்க வேண்டும். துளை ஓரத்தில் நகம் வைத்து ஓட்டிப் பாருங்கள், முடி அளவு விரிசல் இருந்தாலும் நகம் தட்டும். மரத்தை இருபுறமும் விறைப்பாக வைக்கும் டயமண்ட் கம்பிகளின் இழுவிசையைக் கேஜ் வைத்து இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரெடர் (அந்தக் கம்பிகளை மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் சிறு கை) நுனி இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, மரத்தின் பின்விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து எழுதி வைப்பது நல்லது. ஒரு முறை கவிழ்ந்த பிறகு இந்த எண் மாறியிருந்தால் ஸ்ப்ரெடர் வளைந்திருக்கிறது.

பாய்க்காற்று

ரொட்டேஷன் விஷயம் சரி தம்பி. ஆனால் அதே காற்றில், அதே ரொட்டேஷனில் பக்கத்தில் ஓடிய படகுகளின் மரம் நின்றது. ஷீட்டை விட்டவருடையதுதான் போனது.

ஹோபிக்காரன்

எல்லாரும் எஃப்18-க்குச் சொல்றீங்க. ஹோபி 16-ல் (இதுவும் ரெட்டை ஹல் படகுதான்) ஸ்பின்னக்கர் இல்லாம ஓடுற பிள்ளைகள் இதைப் படிச்சிட்டு மெயினை இறுக்கிப் பிடிச்சா நேரா குட்டிக்கரணம்தான்.

அந்தப் படகுக்கு டாகர்போர்டு (ஹல்லுக்கு அடியில தண்ணிக்குள்ள இறக்குற பலகை) கிடையாது, அணியத்தில் மிதக்கிற கொள்ளளவும் குறைவு. பக்கக் காற்றில் ஓடுறப்ப அணியத்தைக் கீழ அமுக்குறதுல ஜிப்புக்கு (முன்பக்கச் சின்னப் பாய்) பெரிய பங்கு. முதல்ல ஜிப்பை விடணும். அதோட டிராவலரை (மெயின்ஷீட்டோட அடியைப் பக்கவாட்டுல நகர்த்துற வண்டியை) வெளிய தள்ளி மெயினையும் விடணும். க்ரூ பின்னங்காலைப் பின் மூலையில ஊன்றி நிக்கணும்.

குயின்ஸ்லாந்தில் பார்த்தது: கவிழ்ந்த ஒரு ஹோபி 16-ஐ ரெண்டு பேர் அழகா நிமிர்த்தினாங்க. மெயின்ஷீட் க்ளீட்ல (கயித்தைப் பூட்டுற பிடியில) மாட்டினபடியே இருந்துச்சு. நிமிர்ந்த படகு காத்தைப் பிடிச்சுது, ரெண்டு பேரையும் தண்ணியில விட்டுட்டுத் தன்னால ஓடிருச்சு. ஒருத்தர் கை ரைட்டிங் கயித்துல (படகை நிமிர்த்துற கயித்துல) சுத்தியிருந்துச்சு. அவரை இழுத்துட்டுப் போன அந்த அஞ்சாறு நொடிதான் கண்ணுல நிக்குது.

நிமிர்த்துற முறை தெரியாதவங்களுக்கு: முதல் வேலை மெயின், ஜிப் ரெண்டையும் க்ளீட்லருந்து எடுங்க, டிராவலரையும் தளர்த்துங்க. அப்புறம் அணியத்தைக் காத்துக்கு நேரா திருப்புங்க. ஒருத்தர் கீழ் ஹல்லோட அணியத்தைப் பிடிச்சுத் தண்ணியில தொங்கினாப் போதும், உடம்பே நங்கூரம் மாதிரி இழுத்துப் படகைத் திருப்பிடும். காத்து ட்ரம்போலின் (ரெண்டு ஹல்லுக்கும் நடுவுல இருக்கிற துணித்தளம்) அடியில புகுந்து அடிச்சா அப்படியே தலைகீழாப் போயிடும், அதனாலதான் இந்த அவசரம். கயித்தை மேல் ஹல்லைச் சுத்திப் போட்டு, கீழ் ஹல் மேல நின்னு, முழங்காலை மடக்காம பின்னால சாயுங்க. கயித்தைக் கையில சுத்தவே கூடாது, முடிச்சைப் பிடிங்க. பாய் தண்ணிய விட்டு மெதுவாத்தான் கிளம்பும், துணிமேல இருக்கிற தண்ணி வழியுற வரை பொறுக்கணும். மேல் ஹல் இறங்கும்போது டால்ஃபின் ஸ்ட்ரைக்கரை (முன் பீமுக்கு அடியில இருக்கிற தாங்கு கம்பியை) பிடிச்சுத் தொங்குங்க, அப்பதான் படகு உங்களை விட்டுட்டுப் போகாது, இல்லேன்னா மறுபக்கம் கவிழும்.

முழுசாத் தலைகீழாயிட்டா ரெண்டு பேரும் ஒரே ஹல்லோட பின்முனைக்குப் போய் நில்லுங்க. அந்த மூலை அமுங்கினா ட்ரம்போலினோட உறிஞ்சல் விடும், மரம் பக்கவாட்டுக்கு வரும். மரம் சேத்துல குத்தியிருந்தா மோட்டார் படகை வெச்சு அவசரமா இழுக்காதீங்க. எந்தக் கோணத்துல உள்ள போச்சோ அதே கோணத்துலதான் வெளிய வரணும். படகே ஏறக்குறைய 145 கிலோ. ஆள் எடை பத்தலேன்னா 40, 50 லிட்டர் தண்ணி பிடிக்கிற ரைட்டிங் பை ஒண்ணு கட்டாயம்.

யாழ்வாடை

எல்லாரும் கயிறைப் பற்றியே கதைக்கிறீங்கள். நான் பார்த்த பேப்பர் டைகர் எண்ட ரெட்டை ஹல் படகு ஒண்டு ஒரு பக்கத்தால ஓடேக்க மட்டும் அணியத்தைக் குத்தும், மற்றப் பக்கத்தால ஓடினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆக்கள் பாயை மாத்திச்சினம், மரத்தைப் பின்னுக்குச் சாய்ச்சுப் பார்த்திச்சினம். கரைக்கு ஏத்திப் பின்னால பங்கை (தண்ணி வடிக்கிற துளையின்ர அடைப்பானை) கழற்றினால் வலது ஹல்லால தண்ணி கொட்டோ கொட்டெண்டு கொட்டிச்சு. அது நிண்டபாடில்லை.

ரொன் கிவன் 1968-இல கீறின 14 அடிப் படகு அது, பழையதெல்லாம் பிளைவுட். 20 லீற்றர் தண்ணி எண்டால் 20 கிலோ, அதுவும் ஒரு இடத்தில நிக்காத 20 கிலோ. அணியம் கொஞ்சம் தாழ்ந்த உடனே முழுத்தண்ணியும் முன்னுக்கு ஓடும். பிறகு நீங்கள் என்ன ஷீட்டை விட்டும் பிரயோசனம் இல்லை.

ஓட்டை தேடுற விதம்: ஹல்லை வடிவாக் காயவிடுங்கோ. வாக்குவம் கிளீனரில காத்து வெளிய தள்ளுற பக்கத்துக் குழாயைப் பங்குத் துளையில துணி சுத்தி வையுங்கோ. இறுக்கி அடைக்க வேண்டாம், அழுத்தம் மெல்லியதாத்தான் இருக்கோணும். கம்பிரசர் பிடிச்சால் மூட்டு பிளந்துபோகும். சவர்க்காரத் தண்ணியைத் தூரிகையால பூசிக்கொண்டு போனால் ஓட்டையில நுரை பொங்கும். பென்சிலால வட்டம் போட்டு வையுங்கோ. பார்க்கவேண்டிய இடங்கள்: சுக்கான் கட்டையைப் பிடிச்சிருக்கிற திருகாணிகள், டெக்கும் ஹல்லும் சேருற விளிம்பு, பங்கு இருக்கை, டாகர்போர்டுப் பெட்டியின்ர அடி. ஹோபி 16 எண்டால் பைலன் (ஹல்லையும் மேல் சட்டத்தையும் இணைக்கிற தூண்) ஏறுற இடம். ஹோபியில காத்துப் போக விட்டிருக்கிற சின்னத் துளையை ஓட்டை எண்டு நினைச்சு அடைச்சுப்போடாதேங்கோ. வெயிலுக்கு உள்காத்து விரிஞ்சு டெக்கின்ர நுரைப் படலம் கழண்டுபோகும். முன் பைலனுக்கு முன்னால டெக்கை ஒரு நாணயத்தால தட்டிப் பாருங்கோ. ‘டக்’ எண்டு கேட்டால் நல்லம். ‘பொத்’ எண்டால் படலம் விட்டுட்டுது. அங்க சின்னத் துளைகள் போட்டு, ஒரு துளையால எபொக்சியை ஊசியால ஏத்தி, மற்றத் துளையால வெளிய வரும்வரைக்கும் விடோணும். பிறகு மேல பாரம் வைச்சு இறுகவிடோணும். மழை நாளில செய்ய வேண்டாம். உள்ள ஈரம் இருந்தால் எபொக்சி பிடிக்காது.

ஒற்றை ஆள்

ஏ-கிளாஸ் படகின் ஃபாயிலிங் (ஃபாயில் எனும் நீரடி இறக்கைகளால் தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடுவது) பக்கம் வந்தால் இந்தக் கேள்விக்கு மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது. 5.49 மீட்டர் நீளம், 2.30 மீட்டர் அகலம், குறைந்தபட்சம் 75 கிலோ, ஒரே ஆள். மெயினை இழுத்தால் அணியம் தாழும், விட்டால் எழும். தண்ணீருக்கு மேல் பறக்கும்போது உயரத்தைக் கட்டுப்படுத்துவதே பாதி ஷீட்தான்.

ஒரு வீச்சில் ஒருவர் பயந்து ஷீட்டை மொத்தமாக விட்டதைப் பார்த்தேன். அணியம் வானத்தைப் பார்த்தது, ஃபாயில்கள் தண்ணீரை விட்டு முழுக்க வெளியே வந்தன. சுக்கானின் பக்கவாட்டு இறக்கை வெயிலில் தெரிந்தது. பிறகு படகு அணியத்தால் குத்தி விழுந்தது. ஆள் முன்னால் ஃபோர்ஸ்டே வரை பறந்தார். இந்த இடத்தில் ஷீட்டைக் கையளவு விட்டு, உடனே உடம்பை முன்னும் பின்னும் நகர்த்திச் சமாளிக்க வேண்டும். காற்று ஏறிவிட்டது என்று தெரிந்தால் அதற்கு முன்பே, அமைதியான இடைவெளியில், முன் ஃபாயிலின் ரேக்கை (சாய்வுக் கோணத்தை) குறைத்துத் தாழப் பறப்பதுதான் வழி. சுக்கான் இழுத்துப்பிடித்தும் படகு திரும்பாமல் வழுக்கினால் அது வென்டிலேஷன், நீர்ப்பரப்புக்கு மேலுள்ள காற்று சுக்கான் தகடு வழியே கீழே உறிஞ்சப்பட்டுவிட்டது. இன்னும் இழுக்காதீர்கள். சுக்கானை நேராக்கி ஒரு நொடி விட்டால் தண்ணீர் மறுபடி ஒட்டும்.

2018-இல் ஹெர்வி பேயில் நடந்த ஏ-கிளாஸ் உலகப் போட்டியில் ஓப்பன் (ஃபாயிலிங்) பிரிவை க்ளென் ஆஷ்பி வென்றார், க்ளாசிக் (ஃபாயிலிங் இல்லாத) பிரிவை ஆண்ட்ரூ லாண்டன்பெர்கர். இரண்டு பேரின் ஓட்டத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை எவ்வளவு குறைவாக அசைகிறது என்று. மேல்மட்டத்துக்கு இது நேராது என்றும் எண்ண வேண்டாம். 2017 ஜூன் 6, பெர்முடா: ஆஷ்பி ஸ்கிப்பராகவும் பீட்டர் பர்லிங் ஹெல்ம்ஸ்மேனாகவும் இருந்த நியூசிலாந்து படகு, தொடக்கக் கோட்டில் காற்றை விட்டு விலகிக் கீழே திரும்பும்போதே குட்டிக்கரணம் அடித்தது. பிறகு அதே அணிதான் அமெரிக்க அணியான ஆரக்கிளை 7-1 என்று வென்று அமெரிக்கா கோப்பையை எடுத்தது. பாய்க்காற்று சொன்ன அதே மாதிரித் திருப்பம்தான், படகுதான் வேறு.

கிழக்குக் கரை

பெரிய ட்ரைமரனுக்கு (மூன்று ஹல் படகுக்கு) மேலே சொன்ன நிமிர்த்தும் பாடம் எதுவும் பொருந்தாது, கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் மல்டிஹல்லுக்கு (ஒன்றுக்கு மேற்பட்ட ஹல் உள்ள படகுக்கு) இடமில்லை, அதனால் குயின்ஸ்லாந்தில் ஈஸ்டரில் நடக்கும் 308 கடல்மைல் பிரிஸ்பேன்–கிளாட்ஸ்டன்தான் நம் பெரிய கடலோட்டங்களில் ஒன்று. அதில் இரவில் மழைக்கோடு (திடீர்ப் பலத்த காற்றோடு வரும் மழைமேக வரிசை) வரும்போது ஒரு ட்ரைமரனின் லீவர்ட் ஃப்ளோட் (பக்கத்து ஹல்) முழுவதும் தண்ணீருக்குள் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதைக் காப்பாற்றியது ஷீட்டில் ஒரு ஆள் விழித்திருந்ததுதான்.

பெரிய படகு சாய்ந்து எச்சரிக்காது. எனவே ரீஃப் (பாயின் பரப்பைச் சுருக்கும்) கணக்கைச் சாய்வால் அல்ல, காற்றுமானியின் எண்ணால் போடுங்கள். சராசரிக்கு அல்ல, வீச்சுக்கு. எண்களை எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள். இருட்டும் முன்பே ஒரு ரீஃப். காற்று படகின் நேர்ப்பக்கத்துக்கு முன்னாலிருந்து வந்தால் மேலே (காற்றை நோக்கி) திரும்புங்கள், பின்னாலிருந்து வந்தால் கீழே. நேர் பக்கக் காற்றுதான் மோசம், எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் சுமை ஏறும். அந்தக் கோணத்தில் ஓடும்போது ஷீட் கையில் இருக்க வேண்டும், வின்ச்சில் பூட்டிவிட்டுத் தேநீர் போடப் போகக் கூடாது. எபர்ப் (இருப்பிடத்தைக் காட்டும் அவசர ரேடியோக் கருவி), கத்தி இரண்டும் படகு தலைகீழானாலும் கை எட்டும் இடத்தில். எஸ்கேப் ஹாட்ச்சை (தப்பி வெளியேறும் கதவை) உள்ளிருந்து மட்டுமல்ல, வெளியிலிருந்தும் திறந்து பழகுங்கள்.

டயமண்ட் கம்பி

கவிழ்வதைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, ட்ரபீஸ் கொக்கியை (படகுக்கு வெளியே தொங்குவதற்கு இடுப்பு ஹார்னஸைக் கம்பியில் மாட்டும் கொக்கியை) யாரும் சொல்லவில்லை. ஹோபிக்காரன் அண்ணன் சொன்ன அந்தக் கயிறு மாதிரியே, தலைகீழ் படகின் அடியில் கொக்கி சிக்கினால் ஆள் மேலே வர முடியாது. 2023 ஜனவரி 1 முதல் பந்தய விதியே விரைவு விடுவிப்பு உள்ள ஹார்னஸைக் கேட்கிறது. பழைய ஹார்னஸ் இருந்தால் மாற்றுங்கள். புதியது வைத்திருப்பவர்கள் வாரா வாரம் நல்ல தண்ணீரில் கழுவி, முழு எடையையும் தொங்கவிட்டு ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். உப்பு இறுகிய பின் சில கொக்கிகள் சுமையோடு திறப்பதில்லை.

பாய்க்காற்று அண்ணே, அந்த முறிந்த துண்டு இன்னும் கிளப்பில் கிடந்தால் ஹால்யார்டு துளை ஓரத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.